கதிர்வீச்சு அறை வாசலில் ஒரு செவிலியர் மேசை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சை பற்றி வரும் செய்திகள் பெரும்பாலும் புதிய இயந்திரங்களைப் பற்றியே பேசுகின்றன. அந்த இயந்திரம் இருக்கும் அறையின் வாசலில் ஒரு மேசை, ஒரு எடைக்கருவி, ஒரு டார்ச், ஒரு தொலைபேசி, வேறு வேலைக்கு இழுக்கப்படாத ஒரு செவிலியர் ஆகியவை இருக்க வேண்டும் என்று கேட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். பக்கவிளைவுகளைக் கவனிக்கும் பொறுப்பையும், எழுதிக் கொடுத்த வரம்புக்குள் உடனே செயல்படும் அதிகாரத்தையும் அந்தச் செவிலியருக்குக் கொடுக்க வேண்டும்.

தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வழக்கமான திட்டம் நாளைக்கு 2 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அளவு), வாரம் ஐந்து நாள், ஏழு வாரத்தில் 35 முறை, ஆக 70 கிரே. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் வெளிக் கதிர்வீச்சு, உடலுக்குள் கருவி வைத்துத் தரும் உட்கதிர்வீச்சு இரண்டும் சேர்ந்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இந்த நாள்கணக்கு வெறும் நிர்வாக வசதிக்காக வந்ததல்ல. மூன்று, நான்கு வாரம் கடந்ததும் மிஞ்சியிருக்கும் புற்றணுக்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. தலை, கழுத்துப் பகுதியில் சிகிச்சை ஒரு நாள் நீண்டால் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு சுமார் ஒரு சதவீதம் குறைகிறது. ஒரு வாரம் வராமல் இருந்துவிட்டுப் பிறகு வந்து 'மிச்சக் கரண்டையும் வைத்துவிடுங்கள்' (கதிர்வீச்சை அப்படித்தான் சொல்வார்கள்) என்று கேட்பவருக்கு, விட்டுப்போன வாரம் முழுதாகத் திரும்பக் கிடைப்பதில்லை.

வராமல் போவதற்கு இயந்திரப் பழுதும் விடுமுறையும் சில நேரம் காரணம். பல நேரம் வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, தோல் உரிந்த புண், சாப்பிட முடியாத சோர்வு ஆகியவையே காரணம். இவற்றில் எதுவும் ஒரே இரவில் வருவதில்லை. வாய்ச் சவ்வு இரண்டாம் வாரத்தில் சிவக்கும், நான்கிலிருந்து ஆறாம் வாரத்தில் கடுமையாகும். தோல் இரண்டு, மூன்று வாரத்தில் சிவந்து, பிறகு உலர்ந்து உரிந்து, நான்கு, ஐந்தாம் வாரத்தில் மடிப்புகளில் ஈரமாக உரியும். இடுப்புப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெறுபவருக்கு வயிற்றுப்போக்கு இரண்டு, மூன்றாம் வாரத்தில் தொடங்கும். இவ்வளவு துல்லியமாக முன்கூட்டியே தெரிந்த தொல்லைகள் மருத்துவத்தில் குறைவு. தேதி தெரிந்தும் வாரத்துக்கு ஒரே முறை, மருத்துவர் அறையில் மூன்று நிமிடம் மட்டுமே இவற்றைப் பார்க்கிறோம் என்பதுதான் எங்கள் குறை. திங்கட்கிழமை மருத்துவரைப் பார்த்தவருக்குச் செவ்வாய் இரவு விழுங்க முடியாமல் போனால், அடுத்த திங்கள் வரை அது பதிவாவதே இல்லை. ஆனால் அதே ஆள் அந்த வாரத்தின் மிச்ச நாட்களிலும் இயந்திர அறை வாசலைக் கடந்துதான் போகிறார்.

'எப்படி இருக்கீங்க?' என்று கேட்டால் கிடைக்கும் பதில் எப்போதும் 'பரவாயில்லை சிஸ்டர்' என்பதுதான். சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம், கூட வந்தவர் முன்னால் சொல்லத் தயக்கம், 'இது எல்லாருக்கும் வருவதுதானே' என்ற பொறுமை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். அதனால் எண்ணாகவும் அளவாகவும் கேட்க வேண்டும். நேற்று முழுவதும் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை டம்ளர் தண்ணீர் உள்ளே போனது, கழிவறைக்கு எத்தனை முறை, இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள், வலி பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை, வலி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீர்கள்? 1991-இல் கனடாவின் எட்மன்டனில் உருவான அறிகுறி மதிப்பீட்டு அளவுகோல் இப்படித்தான் வலி, சோர்வு, குமட்டல், பசியின்மை, மூச்சிரைப்பு, மனச்சோர்வு போன்றவற்றைப் பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரை கேட்கிறது. படிக்கத் தெரியாதவரிடமும் ஐந்து நிமிடத்தில் கேட்டு முடித்துவிடலாம். இவற்றில் பாதிக் கேள்விகளை, உடன் வந்தவர் இல்லாத இடத்தில் கேட்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. மலம், சிறுநீர், தாம்பத்தியம், புகை ஆகிய நான்கைப் பற்றியும் மகன் எதிரில் தந்தை உண்மை சொல்ல மாட்டார்.

வாய், தொண்டைக்குக் கதிர்வீச்சு பெறுபவர்தான் எல்லோரிலும் அதிகம் அவதிப்படுபவர். அவருக்கான வேலை சிகிச்சை தொடங்கும் முன்பே ஆரம்பிக்கிறது. காப்பாற்ற முடியாத பல்லைக் கதிர்வீச்சுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகவே பிடுங்கி, ஈறு மூடிவிட்டதா என்று பார்க்க வேண்டும். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். பிறகு பிடுங்கினால் பள்ளம் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். முதல் நாளே எடை, வாய் திறக்கும் அளவு, தோலின் நிலை, வழக்கமான மலப் பழக்கம் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். இந்த முதல் நாள் குறிப்பு இல்லாவிட்டால், நான்காம் வாரத்தில் எது மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது.

வாய் கொப்பளிக்கும் நீர் எளிமையானது. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு. அன்றன்றைக்குக் கலந்து, மிச்சத்தை இரவில் கொட்டிவிட வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறையும், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், படுக்கும் முன்பும் கொப்பளிக்க வேண்டும். இதில்கூடத் தவறு நடக்கிறது. சமையல் சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் வாங்கிவிடுவார்கள். கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் ஆறும் என்று உப்பை இரட்டிப்பாக்குவார்கள், அது எரியும், எரிந்ததும் கொப்பளிப்பதையே விட்டுவிடுவார்கள். இன்னும் சிலர் கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வாங்கி ஊற்றி, இருந்த சவ்வையும் உலர்த்திவிடுவார்கள். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவம் பல் மருத்துவத்தில் நல்ல மருந்துதான். ஆனால் கதிர்வீச்சால் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. வலியையும் அழற்சியையும் குறைக்கும் பென்சிடமைன் கொப்பளிப்பு நீருக்கு, 50 கிரே வரையான அளவில், நல்ல ஆதாரம் உண்டு. எந்தக் குப்பி வீட்டில் இருக்கிறது என்று கேட்டு, அதைக் கையோடு கொண்டுவரச் சொல்லி, லேபிளைப் படித்துப் பார்ப்பது செவிலியரின் வேலை.

டார்ச் அடித்து வாயைப் பார்க்கும்போது, வெறும் புண்ணா, பூஞ்சைத் தொற்றும் சேர்ந்துவிட்டதா என்று பிரித்தறிய வேண்டும். துணியால் துடைத்தால் உரிந்து வரும் வெள்ளைப் படலம் தெரிந்தால் எளிது. வெள்ளையே இல்லாமல் நாக்கு வழுவழுவென்று சிவந்து எரிவதும் பூஞ்சையாக இருக்கலாம். திடீரென்று எரிச்சல் கூடியதாகவோ சுவை கெட்டதாகவோ சொன்னால் சந்தேகப்பட வேண்டும். பூஞ்சை மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வந்தால் செயற்கைப் பல்செட்டைப் பாருங்கள், தொற்று அதில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வலி மருந்தில் நடக்கும் தவறுகள் உயிர் சம்பந்தப்பட்டவை. மார்ஃபின் எழுதிக் கொடுக்கப்பட்டவருக்கு, கூடவே தினமும் மலமிளக்கி இல்லையென்றால் நான்கு நாளில் மலச்சிக்கல் வந்து அவர் மார்ஃபினையே தூக்கிப் போட்டுவிடுவார். உடனே வேலை செய்யும் மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் போட்டால் அந்தச் சாப்பாடு உள்ளே போகும், சாப்பிட்ட பிறகு போட்டால் வீண். மிக முக்கியமானது இது: பன்னிரண்டு மணி நேரம் மெதுவாகக் கரையும்படி செய்த மார்ஃபின் மாத்திரையை ஒருபோதும் பொடிக்கக் கூடாது. ஐந்தாம் வாரத்தில் விழுங்க முடியாதபோது வீட்டில் அன்போடு அதைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்தோ, மூக்குக் குழாய் வழியாகவோ கொடுத்துவிடுவார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் ரத்தத்தில் கலந்து சுவாசத்தையே அடக்கிவிடும். 'மாத்திரை எப்படிப் போடுறீங்க? முழுசாவா, பொடிச்சா?' என்ற ஒரே கேள்வி இதைத் தடுக்கும். விழுங்க முடியவில்லை என்று தெரிந்த அன்றே திரவ மருந்துக்கோ தோலில் ஒட்டும் பட்டைக்கோ மாற்ற மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தையும் சேர்த்துப் பெறுபவர் மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் அப்படித்தான். வாய்ப்புண்ணால் தண்ணீர் குடிப்பது குறைந்து, சிஸ்பிளாட்டினும் சிறுநீரகத்தைத் தாக்கும் வேளையில் இந்த மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறிவிடும். சிறுநீரகம் தளர்ந்தால் மார்ஃபினும் உடலில் தேங்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடும் முன் வெப்பமானியால் அளந்து எழுதி வைக்கச் சொல்கிறோம். கீமோ சேர்ந்தவருக்கு ஒருமுறை 38.3 டிகிரி செல்சியஸ் தொட்டாலோ, 38 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் நின்றாலோ அது அவசரம். மாத்திரை போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டால் ஆபத்து மறைந்துதான் போகும், குறையாது.

எடைக்கு வருவோம். வாரம் ஒருமுறை, ஒரே எடைக்கருவியில், செருப்பில்லாமல், ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். கதிர்வீச்சுக் காலத்தில் தேவை உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 30 கலோரி, புரதம் 1.2 முதல் 1.5 கிராம். 60 கிலோ உள்ளவருக்கு அது 1800 கலோரி, 72 முதல் 90 கிராம் புரதம். வாய் புண்ணானவருக்கு இதைத் தட்டு நிறைய வைத்துக் கொடுத்துப் பயனில்லை. மென்மையாக, நீர்ப்பதமாக, சிறு அளவில் ஆறேழு வேளையாகப் பிரிக்க வேண்டும். எடை தொடக்கத்திலிருந்து 5 சதவீதம் இறங்கிவிட்டால், அதாவது 60 கிலோவில் 3 கிலோ, உணவு செலுத்தும் குழாய் போடுவது பற்றிய பேச்சை அன்றே எடுக்க வேண்டும். 10 சதவீதத்துக்குக் காத்திருந்தால் தசை கரைந்துவிடும். பலருக்குத் தெரியாத இன்னொரு விளைவும் உண்டு. சிகிச்சையின்போது தலை அசையாமல் பிடிக்க முகத்தில் அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் மாஸ்க், கழுத்து மெலிந்ததும் தளர்ந்துபோகும். தளர்ந்த மாஸ்க்குக்குள் தலை சில மில்லிமீட்டர் நகரும். கட்டிக்குப் போக வேண்டிய கதிர் உமிழ்நீர்ச் சுரப்பிக்கோ தண்டுவடத்துக்கு அருகிலோ போகும். ஆகவே எடை இறங்கினால் டெக்னீஷியனிடமும் கதிர் அளவைக் கணக்கிடும் இயற்பியலாளரிடமும் சொல்லி, தேவைப்பட்டால் மறுபடி ஸ்கேன் எடுத்துத் திட்டத்தைத் திருத்த வேண்டும்.

குழாய் போட்ட பிறகும் விழுங்குவதை நிறுத்தக் கூடாது. எச்சிலையாவது, சில வாய்த் தண்ணீரையாவது தினமும் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பயன்படுத்தாத தொண்டைத் தசை இறுகிவிடும், பிறகு அதைத் திரும்பப் பெறுவது கடினம். இருமலோ புரையேற்றமோ வந்தால் மட்டும் நிறுத்தி, விழுங்குதல் பயிற்சியாளரிடம் அனுப்ப வேண்டும். வாய் திறப்பை வாரம் ஒருமுறை அளவுகோலால் மேல் வெட்டுப்பல் விளிம்பிலிருந்து கீழ் வெட்டுப்பல் விளிம்பு வரை அளக்கிறோம். 35 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் தாடை இறுக்கம். வீட்டில் பார்க்க வழி, தன் மூன்று விரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைகிறதா என்று சோதிப்பது.

தோலைப் பற்றி பழைய அறிவுரைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 'கரண்ட் வைக்கிற இடத்தில் தண்ணீரே படக் கூடாது' என்பது அவற்றில் ஒன்று. வெதுவெதுப்பான நீர், மிதமான சோப், கையால் மெல்லக் கழுவி, துணியால் தேய்க்காமல் ஒற்றித் துடைப்பது இதுவே சரி. கழுவாத தோலில்தான் தொற்று வருகிறது. மடிப்புகளில் பவுடர் போட்டால் வியர்வையோடு கட்டியாகி உரசும். துத்தநாகம் போன்ற உலோகம் கலந்த பூச்சு கூடாது. சிகிச்சைப் பகுதியில் பிளாஸ்டர் ஒட்டினால் பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். இயந்திரத்துக்குப் போகும் முன் தடித்த களிம்பையும் கட்டையும் ஏன் எடுக்கச் சொல்கிறோம் என்பதற்கு இயற்பியல் காரணம் உண்டு. 6 மெகாவோல்ட் எக்ஸ் கதிரின் உச்ச அளவு தோலுக்குக் கீழே சுமார் ஒன்றரை சென்டிமீட்டரில்தான் சேர்கிறது, மேல்தோல் ஓரளவு தப்பிக்கிறது. மேலே தடிமனாக எதையாவது வைத்தால் அந்த உச்சம் தோலுக்கே நெருங்கி வந்துவிடும். மெல்லிய ஈரப்பசைப் பூச்சு முந்தைய இரவு தடவியதால் எந்தக் கெடுதலும் இல்லை. மார்பகக் கதிர்வீச்சில் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு களிம்பை முதல் நாளிலிருந்தே, சிவக்கும் முன்பே தொடங்குவது பலன் தருகிறது. தோல் பிளந்த இடத்தில் மட்டும் அதைப் பூசக் கூடாது.

ஈரமாக உரிந்த தோலை உலர்த்த வேண்டும் என்று நினைத்து ஊதா மருந்து பூசுவது பல இடங்களில் பழக்கம். நாங்கள் அதற்கு எதிரானவர்கள். அது புண்ணின் மேல் பொருக்குத் தட்டி, அசையும்போதெல்லாம் வெடித்து வலிக்கிறது, அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கவும் முடியாது. சலைனால் கழுவி, ஒட்டாத சிலிக்கான் பஞ்சுக் கட்டு வைத்து, துணியால் மட்டும் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஒன்று கவனிக்க வேண்டும்: கழுவும்போது தோலில் போட்ட அடையாளக் கோடு அழிந்தால் வீட்டில் பேனாவால் திரும்ப வரையவே கூடாது. அரை சென்டிமீட்டர் தள்ளி வரைந்தாலும் கதிர் தள்ளிப்போகும். அழிந்தபடியே வரட்டும், டெக்னீஷியன் சரிசெய்வார்.

இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சில் ஒரு நச்சுச் சுழல் உண்டு, அதை உடைக்கச் செவிலியரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. சிகிச்சைக்கு முன் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருப்போம். பை நிறைந்தால் குடல் மேலே தள்ளப்பட்டுக் கதிரின் பாதையிலிருந்து விலகும். மூன்றாம் வாரத்தில் சிறுநீர் எரிகிறது, அடக்க முடியவில்லை. உடனே அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார். பை சுருங்கும், குடல் கீழே இறங்கிக் கதிரில் மாட்டும், வயிற்றுப்போக்கு கூடும். வயிற்றுப்போக்குக்குப் பயந்து இன்னும் தண்ணீரைக் குறைப்பார். 'ஏன் பை நிறையவில்லை?' என்று டெக்னீஷியன் ஸ்கேன் பார்த்துக் கேட்கும்போது, அவர் ஒழுங்காகக் கேட்கவில்லை என்று மட்டும் எல்லோரும் நினைக்கிறார்கள். எரிச்சலுக்குக் காரணம் தொற்றா, கதிர்வீச்சா என்று சிறுநீரைக் கல்ச்சருக்கு (கிருமி வளர்ப்புச் சோதனைக்கு) அனுப்பிப் பார்த்து, அதற்குரிய மருந்து கொடுத்து, கழிவறை போய்வந்ததும் எத்தனை மில்லி குடித்து எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று கடிகாரத்தோடு எழுதிக் கொடுத்தால் சுழல் நிற்கும்.

வயிற்றுப்போக்கின் கடுமையை அவரவர் வழக்கத்தோடு ஒப்பிட்டுத்தான் அளக்க முடியும். வழக்கத்தைவிட நாளைக்கு நான்குக்குக் குறைவாகக் கூடினால் முதல் தரம், நான்கு முதல் ஆறு கூடினால் இரண்டாம் தரம், ஏழோ அதற்கு மேலோ கூடினால் மூன்றாம் தரம். இது அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் தர அளவு. காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இல்லையென்றால், வயிற்றுப்போக்கை அடக்கும் லோப்பரமைடு 2 மில்லிகிராம் மாத்திரை முதலில் இரண்டு, பிறகு ஒவ்வொரு தண்ணீர் மலத்துக்கும் ஒன்று, நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. பலர் ஒரே ஒரு மாத்திரை போட்டுவிட்டு 'கேட்கவில்லை' என்கிறார்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பாதி பாதியாக ஒரு டம்ளரில் கலக்குவதும் அடிக்கடி நடக்கிறது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும். கெட்டியான கரைசல் குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றுப்போக்கை அதிகப்படுத்தும். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

பெண்களுக்கு இடுப்புக் கதிர்வீச்சு முடிந்தபின் யோனி சுருங்கி ஒட்டிக்கொள்வதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சிகிச்சை முடிந்து புண் ஆறிய பிறகு, வழக்கமாகச் சுமார் நான்கு வாரத்தில், விரிப்பானை (யோனிக்குள் வைத்து அதை விரித்து வைக்கும் வழவழப்பான குழல்) வாரம் இரண்டு மூன்று முறை, சில நிமிடம், நீரில் கரையும் வழவழப்புக் களிம்போடு பயன்படுத்த வேண்டும். தாம்பத்தியத்துக்கு மட்டுமல்ல, பின்னாளில் நோய் திரும்பியதா என்று மருத்துவர் பரிசோதிப்பதற்கும் இது அவசியம். விதவைகளுக்கும் வயதானவர்களுக்கும் 'இது எதற்கு' என்று சொல்லாமலே விட்டுவிடுவது பெரிய தவறு. மூடிய அறையில், ஒரு பெண் செவிலியர், மாதிரியைக் கையில் காட்டிச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

மூளைக்குக் கதிர்வீச்சு பெறுபவர் வீக்கம் குறையப் போடும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை வீட்டில் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். காலையில் போட்டால் இரவுத் தூக்கம் கெடாது, ரத்தச் சர்க்கரையையும் பார்க்க வேண்டும்.

இனி, இந்த மேசை எப்படி நடக்க வேண்டும் என்பது. மருத்துவர்கள் முன்கூட்டியே கையெழுத்திட்ட நிலையான உத்தரவு இருக்க வேண்டும். இந்த அறிகுறி இந்தத் தரத்தில் இருந்தால் செவிலியர் இதைச் செய்யலாம், இதைத் தாண்டினால் அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு வரியும் எழுத்தில் இருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை, சிறுநீர்க் கல்ச்சர், கொப்பளிப்பு நீர், லோப்பரமைடு, மலமிளக்கி, கட்டு, உணவு ஆலோசகருக்கு அனுப்புவது போன்றவை செவிலியர் கையில் இருக்கலாம். மார்ஃபின் அளவை மாற்றுவது, சிகிச்சையை நிறுத்துவது, கீமோவைத் தள்ளிவைப்பது போன்றவை மருத்துவருடையவை. இந்தக் கோடு தெளிவாக இல்லாத இடங்களில் இரண்டு விபத்து நடக்கும். செவிலியர் பயந்து எல்லாவற்றையும் மருத்துவரிடம் தள்ளுவார், அல்லது தைரியமாக எல்லை மீறுவார்.

தொலைபேசிக்கும் இதே ஒழுங்கு வேண்டும். பிரிட்டனில் புற்றுநோய்ச் செவிலியர் சங்கம் உருவாக்கிய 24 மணி நேர அழைப்பு வழிகாட்டியில் ஒவ்வொரு அறிகுறியும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. சிவப்பு என்றால் உடனே வர வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட மஞ்சள் சேர்ந்தால் அதுவும் சிவப்பு. கனடாவிலும் தொலைபேசியில் பேசும் செவிலியருக்கென்றே அறிகுறிவாரியான கேள்வித்தாள்கள் இருக்கின்றன. அழைப்பவர் நள்ளிரவில் 'கொஞ்சம் மயக்கமா இருக்கு, வாந்தி, ஒண்ணுக்கே போகலை' என்று சாதாரணமாகச் சொல்வார். தனித்தனியாகக் கேட்டால் பயமில்லை. மூன்றையும் ஒரே தாளில் குறித்தால்தான் அது நீர் வற்றிய உடல் என்று கண்ணில் படும்.

இதற்கு ஆதாரம் உண்டா என்று நிர்வாகங்கள் கேட்கும், கேட்கவும் வேண்டும். நியூயார்க்கில் ஈதன் பாஷ் தலைமையில், பரவிய புற்றுநோய்க்குக் கீமோ பெற்ற 766 பேரிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. அறிகுறிகளைக் கணினி வழியே தாமாகவே பதிவு செய்து, மோசமானால் செவிலியருக்கு எச்சரிக்கை போகும்படி அமைந்த குழுவில் வாழ்நாளின் இடைமதிப்பு (பாதிப் பேர் அதற்கு மேல் வாழ்ந்த காலம்) 31.2 மாதம், வழக்கமான கவனிப்புக் குழுவில் 26.0 மாதம். அது கீமோ ஆய்வு, கதிர்வீச்சுக்கு அப்படியே பொருத்திச் சொல்ல மாட்டோம். கதிர்வீச்சில், பிரிட்டனில் இடுப்புக்குச் சிகிச்சை பெற்ற ஆண்களிடம் நடந்து 2001-இல் வெளியான ஆய்வு, செவிலியர் நடத்திய கவனிப்பால் அறிகுறியின் உச்சம் குறைந்ததாகக் காட்டவில்லை. நோயாளிகளின் திருப்தி கூடியது, செலவு குறைந்தது. இதையும் மறைக்காமல் சொல்கிறோம். கதிர் பட்ட சவ்வு புண்ணாவதை எந்தச் செவிலியராலும் தடுத்துவிட முடியாது. அந்தப் புண்ணோடு அவர் சாப்பிடுகிறாரா, தண்ணீர் குடிக்கிறாரா, மறுநாள் வருகிறாரா என்பதில்தான் எங்கள் கை இருக்கிறது.

இத்தகைய ஏற்பாடு எங்கே தோற்கும் என்பதும் தெரியும். மாதாமாதம் செவிலியரை இடம் மாற்றினால் தோற்கும், ஏழு வாரத்தை முழுதாகப் பார்த்த கண் வேண்டும். ஆள் பற்றாக்குறை என்று மேசைச் செவிலியரை வார்டுக்கு அழைத்துக்கொண்டால் முதல் வாரமே தோற்கும். படிவத்தை நிரப்பிக் கேஸ் ஷீட்டில் சொருகிவிட்டு யாரும் பார்க்காமல் விட்டால் வேலை கூடியதுதான் மிச்சம். வலி எட்டு என்று எழுதிய தாள் மூன்று நாள் அப்படியே கிடப்பதைவிட, கேட்காமலே இருந்திருக்கலாம் என்று நோயாளி நினைப்பார்.

கடைசியாக, எல்லோரும் கைவிடும் இரண்டு வாரம் பற்றி. 35-ஆவது முறை முடிந்ததும் எல்லோரும் கைகுலுக்கி அனுப்பி வைக்கிறோம், ஒரு மாதம் கழித்து வரச் சொல்கிறோம். ஆனால் தோலும் வாயும் உச்ச மோசத்தில் இருப்பது கதிர்வீச்சு முடிந்த முதல் ஏழு முதல் பத்து நாளில். ஆறத் தொடங்கி ஓரளவு தேற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். 'முடிந்துவிட்டதே, ஏன் கூடுகிறது? நோய் திரும்பிவிட்டதா?' என்று அந்த நாட்களில் வீட்டில் யாரிடம் கேட்பது? மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் செவிலியரே கூப்பிட்டு, அதே எண் கேள்விகளைக் கேட்க வேண்டும். விழுங்குவது நாளுக்கு நாள் தேறாவிட்டாலோ, எடை இறங்கிக்கொண்டே போனாலோ வரச் சொல்ல வேண்டும்.

அனுப்பும் நாளில் ஒரு அட்டையும் கொடுக்க வேண்டும், சிகிச்சை அளித்த இடம், உறுப்பு, மொத்த அளவு, முடிந்த தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். கழுத்துக்குப் பெற்றவருக்கு: ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு ரத்தப் பரிசோதனை, வாழ்நாள் முழுவதும் ஃபுளோரைடு, கதிர்வீச்சு பட்ட தாடையில் பல் பிடுங்கும் முன் இந்த அட்டையைப் பல் மருத்துவரிடம் காட்டவும். நெஞ்சுக்குப் பெற்றவருக்கு: முடிந்து ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமல், மூச்சிரைப்பு, லேசான காய்ச்சல் வந்தால் அது சளியாகவோ நிமோனியாவாகவோ மட்டுமே இருக்க வேண்டும் என்பதில்லை, நுரையீரலுக்குக் கதிர்வீச்சு தந்த அழற்சியாகவும் இருக்கலாம், வெளி மருத்துவரிடம் போனாலும் இந்த அட்டையை முதலில் காட்டவும், கீழே உள்ள எண்ணில் இரவிலும் எங்களைக் கூப்பிடவும்.

இப்படிக்கு,
கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் செவிலியர்கள்